வெட்டி வைத்த ஜாக்கெட்டுகள்

மெஷின் நகர்ந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நாலு விரற்கடைதான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மெஷினோடு குடித்தனம் நடத்திய கனகவல்லிக்கா தெரியாது? ஒரு கை வாக்கரிலும் ஒரு கை நிலைப்படியிலுமாக முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் இடது தோள் வழியாக ஊசிமேல் விழுகிற மாதிரி அவள் போட்டு வைத்திருந்த மெஷின், இப்போது சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. ஜன்னலுக்கு ஒரு திரை வேறு. இந்த வீட்டு ஜன்னலுக்கு என்றைக்குத் திரை இருந்தது?

“மெஷினை யாரு தொட்டது?”

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பின்னால் பையும் தலையணையுமாக வந்த தெலுங்கு மருமகள் ஸ்ரீஜா திடுக்கிட்டாள். “முதல்ல கூர்ச்சோ அத்தம்மா, கால் நோகும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“கால் நோவறது என் பாடு. கேட்டதுக்குப் பதில சொல்லு.”

“வீடு கழுவுனோம் கனகு. அப்ப நகர்த்தியிருப்பாங்க” என்றார் தண்டபாணி. கனகவல்லியின் வீட்டுக்காரர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயரானவர். பதிலைச் சொன்னாரே தவிர, பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. பல்லி இருக்கிறதா என்று பார்ப்பவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகவல்லி அதைக் கவனித்தாள். கவனித்து, ‘மருமகளுக்குப் பரிந்து பேசுகிறார்’ என்று எடுத்துக்கொண்டாள்.

வலது முழங்கால் தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் உரசிக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷன் செய்து இரும்பு முட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கச்சிபௌலியில் மகள் காஞ்சனா வீட்டுக்கு. அங்கே லிஃப்ட் இருக்கிறது, உட்காருகிற கக்கூஸ் இருக்கிறது, பிசியோதெரபிக்காரப் பெண் பிந்து வீட்டுக்கே வந்து காலை மடக்கிவிட்டுப் போவாள். மடக்கும்போது கனகவல்லி போடுகிற கூச்சலில் பக்கத்து ஃப்ளாட் நாய் குரைக்கும். எல்லா வசதியும் இருந்தது. ஆனால் மனசு மட்டும் லோத்குண்டா சந்தில், இந்த முன்னறையிலேயே கிடந்தது.

காரணம், ஆபரேஷனுக்கு முன்னால் வெட்டி வைத்துவிட்டுப் போன ஜாக்கெட்டுகள். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து வெட்டினாள். தைக்க நாளில்லை. வெட்டிய துண்டுகளை அவரவர் அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டி, டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். “நான் வந்து தைச்சிக்கிறேன், யாரும் தொடக்கூடாது” என்று புருஷனிடமும் மருமகளிடமும் சொல்லித்தான் போனாள். சிராவண மாசம் வருகிறது. லோத்குண்டாவிலிருந்து போலாரம் மிலிட்டரி குவார்ட்டர்ஸ் வரை அத்தனை பெண்டுகளும் வரலட்சுமி விரதத்துக்கு ஜாக்கெட் தைக்கிற மாசம். இந்தத் தடவை கைவிட்டுப் போனால் கஸ்டமர் எல்லாம் போலாரம் பஸ் ஸ்டாப் டெய்லர் சபீனாவிடம் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அப்புறம் கனகவல்லி என்பவள் யார்? மூலை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, மருமகள் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு டிவி பார்க்கிற ஒரு கிழவி. அந்த நினைப்பே அவளுக்கு முட்டி வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஸ்ரீஜா அசையவில்லை.

“தெறடின்றேன்!”

திறந்தால், அடியில் பாச்சை உருண்டைதான் இருந்தது.

“எங்கடி என் துணிங்க?”

“மாமய்யா… எல்லார்க்கும் திருப்பிக் குடுத்தாங்க” என்று ஸ்ரீஜா மாமனாரைப் பார்த்தாள்.

“ஆமா, குடுத்துட்டேன். எத்தினி நாள் வெச்சிகினு இருக்கிறது? ஜனங்க கேக்க மாட்டாங்களா?” என்றார் அவர்.

“வெட்டுன துணிய எவளாவது வாங்கிகினு போவாளா?”

“வாங்கிகினு போனாங்க. வுடேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அது அவருடைய வழக்கம்தான். ஜாக்கெட் பேச்சு எடுத்தாலே மனுஷன் வீட்டில் நிற்க மாட்டார். அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் பின்வாசல் வழியாக இறங்கிவிடுவார். “பொம்பளை சமாச்சாரம், எனக்கு இன்னாத்துக்கு?” என்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சந்துக் கோடியில் மிலிட்டரி மதில், அதற்கு அப்பால் வேப்பமரங்கள். காற்றில் அவை ஆடுகிற சத்தத்தைக் கேட்டபடி கனகவல்லி மெஷின்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காலை வைக்கவில்லை, கையால்தான் தடவிப் பார்த்தாள். சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது. யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்த மெஷின் இப்படிச் சுற்றுமா? ஊசியைக் கழற்றிப் பார்த்தாள். விரலில் உருட்டியதுமே தெரிந்துபோயிற்று. அவள் போடுகிற ஊசி இல்லை இது. தடி ஊசி. ஜாக்கெட் துணியில் குத்தினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

ஆக, தைத்திருக்கிறார்கள். இவள் வீட்டில், இவள் மெஷினில், வெளியே தெரியக்கூடாதென்று ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு.

யாரென்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஸ்ரீஜா வந்த புதிதில், “எனக்கும் நேர்ப்பிங்க அத்தம்மா” என்று கேட்டவள்தான். கனகவல்லி சொல்லித்தரவில்லை. கத்தரிக்கோலைக்கூடத் தொடவிட்டதில்லை. காஜா எடுக்க, ஹூக் வைக்க மட்டும் கொடுப்பாள். அந்த வன்மம் இருக்காதா? தனக்கே அவ்வளவு தைக்க வராது, அப்படியானால் சபீனாவைக் கூட்டிவந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, கிழவி காலைப் போட்டுப் படுத்திருக்கும்போது கடையையே தூக்கிவிட்டார்கள். கனகவல்லி மனசுக்குள் ஒரு முழு வழக்கையே நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலையில் தீர்ப்புக்குச் சாட்சியும் வந்தது. பால் பூத் வசந்தகுமாரி. நலம் விசாரிக்க வந்தவள், இரண்டு பழத்தைக் கொடுத்துவிட்டு இருபது சேதி சொல்கிற ரகம்.

“முட்டி எப்படிகீதுக்கா? உள்ள இரும்பாமே! மழை வந்தா துரு புடிக்காதா?”

“புடிச்சா உன்னாண்ட வந்து எண்ணெ வாங்கிக்கிறேன். சந்துல இன்னா விசேசம்?”

“இன்னா விசேசம்… உன் மருமவதான் பாவம், ஒரே பரேஷான், அலைச்சல். பையத் தூக்கிகினு தினம் போலாரம் பக்கமா போவா. கேட்டா, ‘ஊரிகே, சும்மாதான்’ன்னுவா.”

“போலாரத்துக்கா?”

“ஹவ். ஒரு நாளு பஸ் ஸ்டாப்பாண்ட சபீனாகூட நின்னு பேசிகினு இருந்தா. நான் கண்ணால பாத்தேன். எனக்கு இன்னாத்துக்குக்கா, சொல்லணும்னு தோணுச்சு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள் புண்ணியவதி. கனகவல்லிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்ரீஜா சோளரொட்டியும் பச்சிப்புளுசும் வைத்திருந்தாள். பத்தியம் முடிந்து வந்த அத்தைக்கென்று கருவாடு வேறு வறுத்திருந்தாள். எதையோ மறைக்கிறவள்தான் இப்படித் தாங்குவாள் என்று கனகவல்லிக்குப் பட்டது.

“போலாரத்துல உனக்கு இன்னாடி வேல?”

கரண்டி ஸ்ரீஜா கையில் நின்றது. “போலாரம்… கூரகாயலு வாங்க.”

“காய் வாங்க போலாரத்துக்குப் போவியா? லோத்குண்டா மார்க்கெட்டு இன்னா ஆச்சு, எரிஞ்சி பூட்சா?”

அவள் அடுப்பைத் துடைத்தாள். மகன் பாபு தட்டிலிருந்து தலை தூக்காமல், “அம்மா, வந்த மறுநாளே ஆரமிக்காத. அவ வீட்ட நல்லாத்தான் பாத்துகினா” என்றான். கேப் ஓட்டுகிறவன். காலையில் போனால் ராத்திரிதான் வருவான், வீட்டில் நடப்பது எதுவும் தெரியாது. அவனுக்கும் ஒரு முறைப்பு விழுந்தது.

பிந்து சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் கனகவல்லி விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னுக்கு இழுப்பாள், நீட்டுவாள். தழும்புக்குப் பக்கத்தில் ஓரிடம் மரத்தே கிடந்தது. தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருக்கும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து வெட்ட இனி முடியாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேல் துணி விரித்துப் பார்த்தாள். இடுப்பு வலித்தது. பரவாயில்லை, பழகிவிடும். பிறகு ஒரு நாள் மெஷின் மிதிக்கட்டையில் காலை வைத்தாள். முட்டி உள்ளே இறுகியது, எங்கோ ‘டக்’ என்றது. இன்னொரு மிதி. சக்கரம் ஓடியது. பழைய துணியில் நேராக ஒரு தையல் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பினால், ஸ்ரீஜா கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி இளிக்கிற? இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கெழவி ஓட்டப்போறான்னு பாக்கறியா?”

ஸ்ரீஜாவின் சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகக் கைத்தடியோடு சந்தில் இறங்கினாள். எதிரே வந்த ஸ்கூல் டீச்சரம்மா போட்டிருந்த பச்சை ஜாக்கெட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இவள் வெட்டியது. கழுத்து வளைவு இவளுடையது, உலகத்தில் வேறு எவளும் அப்படி இறக்க மாட்டாள். ஆனால் தையல் இவளுடையதில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக, இறுக்கமாக, கல் மாதிரித் தையல். கை தேர்ந்த யாரோ. டீச்சரம்மாவோ, “சூப்பர் ஃபிட்டிங் ஆன்ட்டி, கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோவிலுக்குப் போகவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பி, கூடத்தில் நின்று கத்தினாள்.

“என் பேரைத் திருடித் தின்னுகினு, எனக்கே கருவாடு வறுத்துப் போடுறியா? அந்த சபீனாகிட்ட எவ்ளோடி வாங்குன? நான் செத்தா வுழுந்தேன்? கால்தானே போச்சு!”

“நான் ஏமி செய்யல அத்தம்மா. சபீனாகிட்ட ஹூக் பாக்கெட் மட்டுந்தான் வாங்கினேன். ஒட்டு.” தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தாள். கண் நிறைந்து நின்றது.

“ஹூக்கா? யாரு ஜாக்கெட்டுக்குடி ஹூக்கு?”

ஸ்ரீஜா, மாமனார் இருந்த பின்கட்டைப் பார்த்தாள். அங்கே தண்டபாணி வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு குழாயை மூடினார்.

சௌம்யா வந்தது ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர்ப் பெண், போலாரத்தில் மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி. நல்ல கஸ்டமர், நாலு பேரைக் கூட்டிவருகிற கஸ்டமர். மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பெரிய பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பைக்குள் பட்டுத் துணிகள். ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம், வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஜாக்கெட். கனகவல்லிக்குக் கை பரபரத்தது. இது கிடைத்தால் போதும், சந்து முழுக்கத் தெரிந்துவிடும், கனகவல்லி எழுந்துவிட்டாள் என்று.

“கால் எப்படி இருக்குதுங்க ஆன்ட்டி? இதெல்லாம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலைங்க.” ஒரு அரக்கு ஜாக்கெட்டை எடுத்தாள். “போன மாசம் உங்க மருமக கொண்டாந்து குடுத்தாங்கல்ல, அது. தைராய்டுங்க, கொஞ்சம் சதை போட்டுட்டேன். சைடுல ஒரு தையல் பிரிச்சு விட்டீங்கன்னா போதும். நான் வீட்லயே பிரிக்கலாம்னு பார்த்தா, உள்ள துணியே இல்லீங்களே ஆன்ட்டி?”

கனகவல்லி ஜாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினாள்.

அவள் தைக்கிற ஜாக்கெட்டில் பக்கவாட்டில் தாராளமாக உள்ளே துணி இருக்கும். “என் ஜாக்கெட்டைப் புள்ள பெத்த பொறவும் போடலாம்” என்பது அவள் பெருமை. வெட்டும்போது அப்படித்தான் விட்டு வெட்டியிருந்தாள். இங்கே அந்தத் துணியைத் தையலை ஒட்டிச் சுத்தமாக நறுக்கி எறிந்திருந்தது. நறுக்கிய ஓரத்தை மடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரட்டைத் தையல். முனையில் திரும்பவும் முக்கோணமாக ஓடி, முடிச்சுப் போட்டு முடித்திருந்தது. இடி விழுந்தாலும் பிரியாது.

சபீனா இப்படித் தைக்க மாட்டாள். ஸ்ரீஜாவுக்கு இப்படித் தைக்க வராது. ஜாக்கெட் தைக்கிற எந்தப் பொம்பளையும் உள்துணியை நறுக்க மாட்டாள்.

இந்த முக்கோணத்தைக் கனகவல்லி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மார்க்கெட்டுக்குப் போகிற ரெக்ஸின் பையில், பாபுவின் பழைய ஸ்கூட்டர் சீட்டில், வீட்டுத் தலையணை உறைகளில். ரயில் பெட்டி சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கிற செக்‌ஷனில் ஒரு ஆயுசு முழுக்க வேலை பார்த்த தண்டபாணியின் கை. அங்கே ஓரத்தில் துணி நீட்டிக்கொண்டிருந்தால் சீட்டு புடைக்கும், நறுக்கித்தான் ஆகவேண்டும். ரயில் சீட்டு என்ன, பிள்ளை பெற்றுச் சதை போடவா போகிறது? அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்!

திரை, தடி ஊசி, எண்ணெய், டீக்கடை. எல்லாம் இவர்தான். ஸ்ரீஜா இல்லை.

“நீங்க தைச்சதுதானுங்களா ஆன்ட்டி?” சௌம்யா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “இல்ல, வேற யார்கிட்டயாச்சும் குடுத்தீங்களா?”

ஸ்ரீஜா டீயோடு வந்து நின்றிருந்தாள். பழி தன்மேல்தான் விழப்போகிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வேறு யாராவது தைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கனகவல்லியின் பேர் தப்பித்துவிடும். ஆனால் யார் என்று சௌம்யா கேட்பாளே? வீட்டுக்காரர் என்று சொன்னால் நாளைக்கே போலாரம் வரை சிரிக்கும். டீக்கடை பெஞ்சில் அவரால் உட்கார முடியாது.

“நான்தாம்மா தைச்சேன்” என்றாள் கனகவல்லி. “ஆஸ்பத்திரிக்குப் போற அவசரம். முட்டி வலில புத்தி எங்கியோ இருந்துச்சு. தப்பு என்னுதுதான்.”

சௌம்யா நல்ல விதமாகத்தான் சொன்னாள். “பரவால்லீங்க ஆன்ட்டி. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. அவசரமே இல்லீங்க.” டீயைக் குடித்தாள். மழைக்கோட்டை மாட்டினாள். பெரிய பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

போயிற்று. கனகவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷத்துப் பேர், ஒரு கப் டீ குடிக்கிற நேரத்தில் போயிற்று. அதையும் தன் வாயாலேயே அனுப்பி வைத்தாயிற்று.

அப்போது பின்கட்டிலிருந்து தண்டபாணி வந்தார். வந்தார் என்றா சொல்வது, ஓடினார். செருப்பில்லை, சட்டையில்லை, பனியனும் லுங்கியுமாகக் கூடத்தைத் தாண்டிச் சந்தில் இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பப்போன பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

“நில்லும்மா! அத அவ தைக்கல. நான் தைச்சேன்!”

சௌம்யா ஹெல்மெட்டைக் கழற்றினாள். “என்னங்க அங்கிள்?”

“நான்தாம்மா தைச்சேன்! எல்லா ஜாக்கெட்டும் நான்தான். துணியத் திருப்பிக் குடுத்தா நீங்கள்லாம் வேற எடத்துக்குப் பூடுவீங்கன்னு அவ படுக்கைல அழுவுறா. வெட்டி வெச்சிட்டாளே, சேத்துத்தானே தைக்கணும், எனக்குத் தெரியாததான்னு உக்காந்துட்டேன். ஓரத்த நறுக்கினது நான். உள்ள துணி வுடணும்னு எனக்குத் தெரியாதும்மா. அவ கை அப்படிச் செய்யாது!”

பேசவில்லை, கத்தினார். ஒர்க்‌ஷாப் இரைச்சலில் பேசிப் பழகிய குரல். மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, சந்து முழுக்க ஆட்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து, ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த பெருமாள் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றார்.

“இன்னா மேஸ்திரி! ஜாக்கெட்டா தைச்ச? லேடீஸ் ஜாக்கெட்டா?”

பெஞ்சு சிரித்தது. தண்டபாணியின் காது சிவந்தது. ஓடி ஒளிகிற ஆள், இந்தத் தடவை ஓடவில்லை.

“ஹவ்! லேடீஸ் ஜாக்கெட்டுதான். ஒண்ணில்ல, பெட்டி நெறையத் தைச்சேன். இப்ப இன்னான்ற?”

பெருமாள் உட்கார்ந்தார். முதலில் சௌம்யாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி படியேறி வந்தாள்.

“ஆன்ட்டி, வெட்டறது, தைக்கறது, கடைசில கத்தரிக்கோல் வைக்கறது எல்லாம் நீங்கதானுங்க. அங்கிளைத் தொடவிடாதீங்க” என்று சொல்லிப் பட்டுத் துணிகளை மேசைமேல் அடுக்கி, அளவு சொல்லிவிட்டுப் போனாள்.

தண்டபாணி உள்ளே வரவில்லை. வாசல்படியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கனகவல்லி அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அவரைத் திட்டவும் நிறைய இருந்தது, வேறு என்னென்னவோ சொல்லவும் இருந்தது. ஆனால் முதலில் பேச வேண்டியது இவளிடம். டீ கிளாஸ்களை எடுக்க வந்த ஸ்ரீஜாவின் கையைப் பிடித்தாள்.

“நீயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்லடி? நான் அத்தினி பேச்சு பேசுனேனே. மாமாதான் தைச்சாரு, நான் ஹூக்கு வெச்சி வீடு வீடாக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?”

“மாமய்யா ஒட்டு வாங்கிக்கினாங்க, சொல்லக்கூடாதுன்னு.”

“அவரு கெடக்குறாரு. எனக்குச் சொல்லக்கூடாதா?”

ஸ்ரீஜா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “சொன்னா நம்பியிருப்பீங்களா அத்தம்மா?”

கனகவல்லி வாயெடுத்தாள். ‘ஏன் நம்பமாட்டேன்’ என்று நாக்கு நுனி வரை வந்ததைச் சொல்ல முடியவில்லை. ஜாக்கெட்டை ஒரு ஆம்பிளை தைத்தாராம், அதுவும் இந்த மனுஷனாம், கேட்கிறவள் கேனச்சியா என்று அதற்கும் சேர்த்துத்தான் கத்தியிருப்பாள்.

“நம்பியிருக்க மாட்டேன்டி” என்றாள்.

“தெரியும்” என்றாள் ஸ்ரீஜா.

உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் பையை எடுத்துவந்து, துண்டில் சுற்றி, வீங்கியிருந்த முட்டியின்மேல் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். கனகவல்லி வலிக்கிறது என்று சொல்லவில்லை.